நிறைபொருளும் முன்னிலையும்: சேதுக்கரைக் கடவுட்கொள்கை பற்றிய ஓர் ஆய்வு

இராமநாதபுர மாவட்டத்துக் கடலாடி வட்டத்தில், மன்னார்க் குடாவின் கரையில் உள்ளது வாலிநோக்கம். மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் அவ்வூர்த் தொழில்கள். மக்களுள் இசுலாமியர் மிகுதி. ஊரின் பெயரோ கேட்டார் நெஞ்சில் இராமகாதையின் வாலியைக் கொணர்ந்து நிறுத்துவது. இவ்வூர்க் கரையிலிருந்து வடகிழக்கு நோக்கிச் செல்வோமாயின் ஏர்வாடித் தருகாவும், அதனை அடுத்துக் கீழக்கரையும், அப்பால் சேதுக்கரையும், முடிவில் இராமேசுவரமும் வரிசையாக எதிர்ப்படும். உள்நாட்டிற்குத் திரும்பினால் உத்தரகோசமங்கை; அதற்கப்பால் சேதுபதிகளின் தலைநகராகிய இராமநாதபுரம். இறைவன் இன்ன இடத்தில் உளன், இன்ன நீரில் ஆடினால் வினை தீர்ப்பன், இன்ன அடக்கவிடத்தில் வேண்டினால் நோய் நீக்குவன் என்னும் நம்பிக்கை இத்துணை நெருக்கமாக வேரூன்றிய நிலப்பகுதி தமிழகத்தில் வேறு சிலவே உண்டு.

இவ்விடத்தன் என்று இறைவனைச் சுட்டுதற்கே கூசியவர் ஒருவர் தம் உடலை நீத்தற்கு இந்நிலத்தையே வந்தடைந்தார் என்பது எண்ணத்தக்கது. அவர் தாயுமானவர். அவர் வழியைப் பின்பற்றிப் பாடிய இசுலாமியப் பெரியார் குணங்குடி மத்தான் சாகிபு பிறந்ததும் இந்நாட்டிலேயே. இருவரும் இறைவனை எங்கும் நிறைந்த முழுப்பொருளாகக் கண்டனர். அங்ஙனம் கண்டோர், இடத்தையும் உருவையும் பற்றி நின்ற பழைய கடவுட்கொள்கையை எவ்வாறு கொண்டனர், எதனை விடுத்தனர், எதனை விடாது பற்றினர் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

மரபுவழிக் கடவுட்கொள்கை என்று நாம் கூறுவது யாது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். உலகையும் உயிரையும் தனக்கு வேறாகக் கொண்டு, அவற்றை ஆள்வானாகவும் காப்பானாகவும் தனித்து நிற்கும் இறைவன். அவனுக்குப் பெயருண்டு, ஊருண்டு, வழிபடும் முறையுண்டு. அவன் தருவான், உயிர் பெறும். தமிழர் நெடுங்காலம் அறிந்த வழிபாடு பெரும்பாலும் இத்தகையதே. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறவின் கோட்டினை நட்டு, அதன்கண் தம் தெய்வத்தை உறைவித்து வழிபட்டமை கூறப்படுகின்றது. அந்நூலிலேயே கந்து நிறுத்திய பொதியிலும் காணப்படுகின்றது; கந்து என்பது தெய்வம் உறையும் தூண். நடப்பட்ட கொம்பும் நிறுத்தப்பட்ட தூணும் ஒன்றையே சொல்லுகின்றன: தெய்வம் நிற்றற்கு ஒரு பற்றுக்கோடு வேண்டும்.

ஆயின், தொல்காப்பியப் புறத்திணையியலில் ‘கந்தழி’ என்றொரு சொல் வருகின்றது. அதற்கு நச்சினார்க்கினியர், பற்றுக்கோடு ஒன்றுமின்றி அருவாய்த் தானே நிற்பதும் தத்துவங்களைக் கடந்ததுமாகிய பொருள் எனக் கருத்துரைத்தார். அவ்வுரை பிற்காலத்தது, தொல்காப்பியர் கருத்து அதுவே எனத் துணிதல் எளிதன்று. எனினும், கந்து நட்டு வழிபட்ட மக்களின் மொழியிலேயே கந்து அழிந்த பொருளொன்றைக் குறித்தற்கும் சொல் கிடந்தது என்பது கருதற்பாலது. ஒன்று முந்தியது, மற்றொன்று அதனைத் தள்ளிவிட்டு வந்தது என்று எழுதும் வரலாற்றாசிரியர் இச்சொல்லை மறந்தனர் போலும்.

இனி, சேதுநாட்டிற்கு வருவோம். இராமேசுவரம் சம்பந்தராலும் நாவுக்கரசராலும் பாடப்பெற்ற பழம்பதி. ஆங்குச் சீதை கடல் மணலைப் பிடித்து அமைத்தாள் எனப்படும் இலிங்கமும், அனுமன் கயிலையிலிருந்து கொணர்ந்தான் எனப்படும் இலிங்கமும் உள்ளன. கோயிலகத்துத் தீர்த்தங்கள் 22. மணலைப் பிடித்து இறைவனை அமைத்தல் என்னும் அக்கதையைக் காட்டிலும், இறைவன் ஓரிடத்து நிலைகொள்வான் என்னும் கொள்கைக்குத் தெளிவான சான்று தேடினும் கிடைப்பதரிது. கயிலையிலிருந்து வந்த கல்லுக்கு முன்னரே கைப்பிடி மணல் இறைவனாயிற்று.

உத்தரகோசமங்கையின் நிலை சிறிது வேறானது. நாம் ஈண்டுச் சற்றே தங்குதல் நன்று. அங்குள்ள மரகத நடராசர் திருமேனி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பினுள் மறைந்திருந்து, மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே காட்சிக்கு வருவது. மாணிக்கவாசகர் இத்தலத்தில் நீத்தல் விண்ணப்பம் பாடினார், பாடல்கள் 50. ஐம்பதும் ஒரே வேண்டுகோள்: என்னைக் கைவிட்டு விடாதே என்பது. முடிவை நெருங்குமிடத்து அடிகள், நீ என்னைக் கைவிடுவாயாயின் உன்னைப் பித்தன் என்றும் பிறவாறும் ஊரறியப் பேசி நகைக்கச் செய்வேன் என்று இறைவனையே அச்சுறுத்தவும் காண்கின்றோம். உரிமையின் எல்லை இது. இங்கே இறைவன் ஒருவன், உயிர் மற்றொன்று, இரண்டிற்கும் இடையே ‘நீ’, ‘நான்’ என்னும் சொற்கள் உயிரோடு உலவுகின்றன. அதே மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் இறைவனை எல்லாமாகவும் அல்லனவாகவும் நிற்பவன் என்று கூறியதும் உண்டு. ஆதலின் பக்தி நெறியினர் இறைவனின் நிறைவை அறியாதவர் என்று கூறுதல் பொருந்தாது.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இந்நிறைவைக் கொள்கையாக வரையறுத்தார். சிவஞானபோதம் 12 நூற்பாக்களே உடையது. அதன் இரண்டாம் நூற்பாவின் கருத்தை ‘ஒன்றாய், வேறாய், உடனாய்’ எனச் சைவர் சுருக்கிக் கூறுவர். இறைவன் கலப்பினால் உயிரோடு ஒன்று, பொருட்டன்மையால் வேறு, உயிர்க்குயிராய் நின்று இயக்குதலால் உடன். எனவே சித்தாந்தத்தின் இறைவன் எங்கோ தனித்திருந்து ஆணையிடும் வேந்தன் அல்லன். ஏட்டில் இக்கொள்கை முழுமையாக இருந்தது. ஆயின், வழிபாட்டில் அது நுழைந்ததோ? எல்லாவற்றிலும் இரண்டறக் கலந்து நிற்கும் பொருளுக்குப் பூவெடுத்துச் சாத்துதல் எவ்வாறு இயலும் என்னும் வினாவைக் கொள்கை நூல்கள் எழுப்பவில்லை. எழுப்பினும் உடனே சரியை, கிரியை, யோகம், ஞானம் எனப் படிமுறை காட்டி அமைதி கூறிவிட்டன. அவ்வமைதியில் நிறைவு பெறாத நெஞ்சம் ஒன்று 18ஆம் நூற்றாண்டில் தோன்றிற்று.

தாயுமானவரின் தந்தையார் கேடிலியப்ப பிள்ளை, திருச்சிராப்பள்ளி நாயக்க மன்னரிடம் பணிபுரிந்தவர். விசயரங்க சொக்கநாதர் (ஆட்சி 1706–1732) காலத்தில் தாயுமானவரும் அவ்வலுவலை ஏற்றார். திருமூலர் மரபில் வந்த மௌனகுருவை ஆசானாகப் பெற்றார். மன்னர் மறைவிற்குப் பின் நாயக்கர் ஆட்சி குலைந்த சூழலில் அலுவலைத் துறந்து வெளியேறினார். இடையே இல்லறத்தில் நின்று, துணைவியார் மறைந்தபின் துறவு பூண்டு, இறுதியில் இராமநாதபுரத்து இலட்சுமிபுரத்தில் அடங்கினார் என்பது அவர் வரலாறு. அவர் தாங்கிய பெயரையும் ஈண்டு நினைவு கூர்தல் தகும். சிரகிரி இறைவன், பேறுகால வேதனையுற்ற பெண்ணொருத்திக்குத் தாயின் வடிவில் வந்து உதவியவன் என்பது தலவரலாறு. ஒருத்தியின் இன்னலுக்காக ஓருருக் கொண்டு வந்த இறைவனின் பெயரைத் தாங்கியவரே, உருவங் கடந்த நிறைவைப் பாடினார்.

அவர் பாடல்களின் தொடக்கமே ஒரு வினாவாக அமைந்தது. இங்கு, அங்கு என்னும் வரையறையின்றி ஒளியாய் நிறைந்தது எது? சமயங்கள் தத்தம் தெய்வமே தெய்வம் என வழக்கிட்டு நிற்கும்போது அவ்வெல்லாவற்றிற்கும் பொதுவாய் நிற்பது எது? இவ்வாறு அடுக்கிச் சென்று, அப்பொருளைக் கைகூப்பித் தொழுவோம் என முடிக்கின்றார். இப்பாடலில் நாம் இரண்டனைக் குறித்துக் கொள்ளல் வேண்டும். ஒன்று, உலகங்களெல்லாம் அப்பொருளின் அருள்வெளியினுள் தங்கியிருக்கின்றன என்று கூறுவது. உலகமே கடவுள் என்பது வேறு. உலகம் கடவுளின் அருளுக்குள் என்பது வேறு. முன்னதில் உலகின் எல்லையே கடவுளின் எல்லையாகி முடியும். பின்னதில் உலகு அடங்கியபின்னும் அருள் எஞ்சி நிற்கும். ஐரோப்பாவில் இவ்வேற்றுமையைக் குறித்தற்கென்றே செருமானிய அறிஞர் கிரௌசே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ‘எல்லாம் இறைவனுள்’ என்று பொருள்படும் சொல்லொன்றைப் புதிதாகப் படைத்தார். தாயுமானவர்க்குப் புதுச்சொல் வேண்டியிருக்கவில்லை; ‘அருள்வெளி’ என்பதே போதியதாயிற்று. மற்றொன்று, அத்தொடக்கப் பாடல் முழுதும் படர்க்கையில், அதுவும் அஃறிணையில் அமைந்திருத்தல். ‘எது’, ‘அது’ என்றே செல்கின்றது; ‘நீ’ இல்லை. அப்படர்க்கை நெடிது நிலைக்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

‘கருணாகரக் கடவுள்’ என்னும் பகுதியில் உள்ள ஒரு பாடல் நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலை. அதன் பொருளை நம் சொற்களிற் கூறுவோம். ஒரு வடிவில் உன்னை வைத்துப் பூசை செய்ய எனக்கு இயலவில்லை. ஏன்? பூப்பறிக்கச் சென்றேன், பனி தங்கிய அம்மலரிலேயே நீ இருக்கின்றாய், பறிக்க மனம் எழவில்லை. சரி, பூவின்றிக் கைகளையேனும் கூப்புவோம் என்றால், கூப்புகின்ற என்னுள்ளேயும் நீ நிற்கின்றாய், எதிரே உள்ள உனக்கு மட்டும் செய்யும் கும்பிடு பாதிக் கும்பிடாகிவிடும், நாணம் தடுக்கின்றது. இதன்பின் வானாகவும், பூதங்களாகவும், ஒலியாகவும், வேதமாகவும், நிலத்தில் இட்ட வித்தாகவும், அவ்வித்தின் முளையாகவும் இறைவனை அடுக்கி விளித்துக் ‘கருணாகரக் கடவுளே’ என முடிக்கின்றார்.

உருவ வழிபாட்டை மறுத்த பாடல் இது என்று கூறிச் செல்வாரும் உளர். அக்கூற்று மேற்போக்கானது. உருவ வழிபாட்டை மறுத்தவர் சிவவாக்கியர். நட்ட கல்லையும் அதனைச் சுற்றி வருவாரையும் அவர் எள்ளியமை யாவரும் அறிவர். அவர் பாடல்களில் முன்னிலையாவார் பெரும்பாலும் யார்? அறியாது வழிபடும் மாந்தரே. ‘மூடர்களே’ என்று விளிக்கப்படுவோர் அவர்களே. தாயுமானவர் பாடலிலோ வழிபடுவார் எவரும் இகழப்படவில்லை. பூப்பறிக்கச் சென்று வெறுங்கையோடு திரும்பியவர் அவரே, நாணியவரும் அவரே. மறுப்பு முழுவதும் இறைவனை நோக்கியே, அவனிடமே முறையிடப்படுகின்றது. பூசை செய்ய முடியாமை ஈண்டுப் பூசைகளுள் உயர்ந்ததாகிவிடுகின்றது என்று கூறினும் மிகையாகாது.

இவ்விடத்தில் இலக்கணத்தின் துணையை நாடுவோம். தொல்காப்பியர் விளிமரபில், எப்பெயர்கள் விளி ஏற்கும், எவை ஏலா எனப் பாகுபடுத்துகின்றார். அவன், இவன், உவன் முதலிய சுட்டுமுதற் பெயர்கள் விளி ஏலா. சுட்டப்படுவது சேய்மையில், பேசுவான் கேட்பான் இருவர்க்கும் புறத்தே நிற்பது. அதனை அழைத்தல் இயலாது. அஃறிணைப் பெயர்களோ, அழைக்க வேண்டும் நிலை வருங்கால், ஏகாரம் பெற்று விளியாகும். இவ்விலக்கணத்தை மனத்திற்கொண்டு ‘பராபரமே’ என்னும் சொல்லை நோக்குவோம். பராபரம் என்பது மகரவீற்று அஃறிணைப் பெயர். ஆண்பாலன்று, பெண்பாலன்று, ஒருவன் என்றும் ஒருத்தி என்றும் சொல்லவொண்ணாத முழுப்பொருளின் பெயர். அப்பெயரோடு விளியுருபாகிய ஏகாரம் சேர்கின்றது. பராபரக்கண்ணி 389 கண்ணிகளிலும் இச்சேர்க்கையே இறுதியில் நிற்கின்றது. பெயர், அது என்று சுட்டத்தக்க பொருளினது. வேற்றுமை, நீ என்று அழைக்கத்தக்க உறவினது. தொடக்கப் பாடலின் ‘அது’ இவ்வாறு ‘நீ’ ஆயிற்று. அழைக்கலாகாத சுட்டினைத் தாயுமானவர் அழைக்கத்தக்க பெயராக மாற்றிக் கொண்டார்.

தாயுமானவர் வேதாந்தியரோ சித்தாந்தியரோ என்னும் வழக்கு நெடுநாளாக நடந்து வருவது. இரு திறத்தாரும் தத்தமக்கு உதவும் பாடல்களை எடுத்துக் காட்டுவர். இரு திறத்தார்க்கும் பாடல்கள் குறைவின்றிக் கிடைக்கும். அவரே வேதாந்த சித்தாந்த சமரசம் என்று கூறிவிட்டமையின் வழக்கு முடிந்தது எனக் கருதுவாரும் உளர். நம் கருத்தில், சமரசம் என்னும் அச்சொல் இருவரையும் ஓரிடத்து அமர்த்தும் நயமொழி அன்று. நிறைவை ஒப்பி உறவை இழப்பதும் ஒருதலைச் சார்பு. உறவைப் பற்றி நிறைவைக் குறைப்பதும் ஒருதலைச் சார்பு. அவரை வேதாந்தி என்று மட்டும் கொள்வார் ‘ஏ’ என்னும் உருபை விட்டுவிடுகின்றனர். சித்தாந்தி என்று மட்டும் கொள்வார் பனிமலரை விட்டுவிடுகின்றனர்.

இவ்வேற்றுமையின் அருமை, பிறநாட்டுச் சிந்தனையோடு ஒப்பிடுங்கால் விளங்கும். ஒல்லாந்து நாட்டுச் சுபினோசா (1632–1677) கடவுளும் இயற்கையும் ஒன்றே என்று நிறுவினார். அவருடைய அறநூல், கடவுளை மெய்யாக அன்பு செய்பவன், கடவுள் தன்னைத் திரும்ப அன்பு செய்ய வேண்டுமென முயலமாட்டான் என்று கூறுகின்றது. எல்லாமாய் நிறைந்த பொருளுக்கு விருப்பு வெறுப்பு இல்லை; ஆகவே அதனிடம் அன்பை எதிர்நோக்கலாகாது. அளவையின்படி இம்முடிவில் குற்றம் காண்டல் அரிது. தாயுமானவரோ அதே நிறைவைக் ‘கருணாகரம்’ என்கின்றார். நிறைந்திருத்தலே கருணை என்பது அவர் துணிபு. உத்தரகோசமங்கையில் எழுந்த ‘கைவிடாதே’ என்னும் குரல் இங்கு அடங்கிவிடவில்லை; எங்கும் நிறைந்தவன் கைவிட்டுச் செல்லுதற்கு வேறிடம் இல்லை என்னும் உறுதியாக அது மாறியது.

இனிக் கீழக்கரைப் பக்கம் திரும்புவோம். இசுலாத்தின் ஒருமைக்கொள்கை, படைத்தவனையும் படைக்கப்பட்டவற்றையும் வேறுபடுத்துவதில் மிகக் கண்டிப்பானது. இறைவனுக்கு இணை வைத்தல் பாவங்களுட் பெரிது. கீழக்கரையில் வாழ்ந்த சதக்கத்துல்லா அப்பா (1632–1703) அரபுமொழிப் புலமையிலும் சமயக்கல்வியிலும் பெரும்பெயர் பெற்றவர். அவர் காலத்து வள்ளல் சீதக்காதி. சேதுநாட்டை ஆண்டவர் கிழவன் சேதுபதி. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுதற்கு இப்பெரியோர் துணைநின்ற செய்தி யாவரும் அறிந்தது. கிழவன் சேதுபதி காலம் முழுதும் சமய இணக்கமே நிலவிற்று என்று எழுதிவிடுதல் எளிது. அவ்வாட்சியிலேயே 1693இல் ஓரியூரில் கிறித்துவத் துறவி அருளானந்தர் தலைவெட்டுண்டார் என்பதையும் மறத்தலாகாது. சமயங்களின் எதிர்வழக்கினைத் தாயுமானவர் பாடலில் குறித்தது வெறுங் கற்பனையன்று.

கண்டிப்பான அவ்வொருமைக் கொள்கைக்குள்ளும் நிறைவைத் தேடினோர் சூபிகள். உள்ளது ஒன்றே, அஃது இறைவனே என்னும் கொள்கையை இபுனு அரபி (1165–1240) வளர்த்தார். இந்தியாவில் அகமது சிர்கிந்தி அதனை மறுத்து, ஒருமை என்பது காண்பான் அனுபவத்தில் தோன்றுவதேயன்றிப் பொருளின் இயல்பில் இல்லை என்றார். வேதாந்த சித்தாந்த வழக்கோடு இது பெரிதும் ஒத்திருத்தலை நூலோர் நோக்குக. குணங்குடி மத்தான் சாகிபின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டியை அடுத்த குணங்குடியிற் பிறந்து, கீழக்கரையிற் கற்று, இளமையிலேயே வீட்டைத் துறந்து, மலையிலும் காட்டிலும் திரிந்து, இறுதியில் சென்னையிற் தங்கி 1838இல் மறைந்தார். தொண்டியார் வாழ்ந்தமையால் அவ்விடம் தொண்டியார்பேட்டை எனப் பெயர் பெற்றது என்பர். மாணவருள் இந்துக்களும் இருந்தனர். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார்.

அவர் பாடியவற்றுள் பராபரக்கண்ணியும் ஒன்று. யாப்பும் தலைப்பும் ஈற்றுச்சொல்லும் தாயுமானவரிடம் பெற்றவை. இசுலாமியர் ஒருவர் தம் இறைவனைப் பராபரமே என்று அழைத்தற்கு உதவியது அச்சொல்லின் அஃறிணைத் தன்மையே என்று நாம் கருதுகின்றோம். உருவக் குறிப்பு அதில் இல்லை, ஊர் இல்லை, கதை இல்லை. ஆகவே இணைவைத்தல் என்னும் குற்றச்சாட்டுக்கு இடந்தராது அதனை எடுத்தாள முடிந்தது. அதே வேளையில் விளியுருபு இருந்தமையால் அழுதற்கும் கெஞ்சுதற்கும் ஊடுதற்கும் இடம் கிடைத்தது. றகுமான் கண்ணியில் அருளாளன் என்று பொருள்படும் அரபுப்பெயர் அதே இடத்தில் அதே உருபோடு நிற்கின்றது. அருளையே நிறைவின் பெயராகக் கொண்டதில் கருணாகரக் கடவுளும் றகுமானும் அண்மையர்.

எனினும் குணங்குடியாரை இசுலாமியத் தாயுமானவர் என்று அழைத்து நிறுத்திவிடுதல் அவர்க்குச் செய்யும் நீதி ஆகாது. மனோன்மணிக் கண்ணியில் அவர் இறைமையைக் காதலியாகவும் தம்மைக் காதலனாகவும் அமைக்கின்றார். தமிழ்ப் பக்தி மரபில் உயிர் தலைவி, இறைவன் தலைவன். இவர் அதனைத் தலைகீழாக்கினார். பாரசீகச் சூபிகள் இறைமையைக் காதலியாகக் கொண்டு பாடிய வழக்கு இதன்கண் சாயல் காட்டுகின்றது. மனோன்மணி என்னும் பெயரோ சைவ, யோக நூல்களது. இரு வழக்கும் ஒரு கண்ணியிற் கலக்கும்போது, நிறைபொருளை அழைத்தற்குரிய உறவுப்பெயர் தாய், தந்தை, தலைவன் என்னும் எல்லையைக் கடந்து விரிகின்றது. இதன் விரிவைத் தனிக்கட்டுரையாகவே எழுதல் வேண்டும். ஈண்டுச் சுட்டி அமைவோம்.

நிறைவுக்கொள்கை இக்கரையின் பழைய வழிபாட்டை நோக்கி நேரே பேசிய நாள் ஒன்றுண்டு. 1897 சனவரி 26ஆம் நாள் விவேகானந்தர் பாம்பனில் வந்திறங்கினார். பாசுகர சேதுபதி எதிர்கொண்டார். மறுநாள் இராமேசுவரத் திருக்கோயிலில் அவர் ஆற்றிய உரையின் கருத்து இது: ஏழையிடத்தும் நலிந்தவனிடத்தும் நோயுற்றவனிடத்தும் சிவனைக் காண்பவனே சிவனை மெய்யாக வழிபடுபவன், திருவுருவில் மட்டும் காண்பவனது வழிபாடு தொடக்க நிலையினதே. கைப்பிடி மணல் இறைவனான இடத்தில் நின்று அவர் இதனைக் கூறினார். கோயிலை இடிக்கச் சொல்லவில்லை. கோயிலினின்றும் சிவனை வெளியேற்றவுமில்லை. சேதுபதி அடுத்த நாள் ஏழையர் பலர்க்கு உணவும் உடையும் வழங்கினார் என்பர்.

இவ்வழக்கு ஏட்டளவில் நின்றுவிடுவது அன்று. வாலிநோக்கத்தை அடுத்த ஏர்வாடியில், மதீனாவிலிருந்து வந்தவராகப் போற்றப்பெறும் சுல்தான் செய்யிது இபுராகீம் சகீது அவர்களின் அடக்கவிடத்திற்கு மனநோயுற்றாரை அவர்தம் உறவினர் நெடுங்காலமாக அழைத்து வருகின்றனர், இந்துக்களும் வருகின்றனர். அறிவு திரிந்த மகனைக் கைப்பற்றி அழைத்துவரும் தாயிடம் இறைவன் எங்கும் உளன் என்று கூறினால் அவள் என் செய்வாள்? எங்கும் உள்ளவன் தன் வீட்டிலும் இருந்தான், மகன் தேறவில்லை. ஆகவே அவளுக்கு ஓரிடம் வேண்டும்; சென்று சேரத்தக்க ஒரு வாயில் வேண்டும். இடத்தைப் பற்றிய நம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்குவார் இத்தாயின் நடையை அளந்தறியாதவர். ஆனால், 2001 ஆகத்து 6ஆம் நாள் அவ்வூரில் மனநோயாளர் காப்பகமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாது 28 பேர் மாண்டனர் என்பதும் வரலாறே. அடக்கவிடத்திற்குரிய மதிப்பு, அவ்விடத்தை நாடி வந்தவர் உடலுக்குக் கிடைக்கவில்லை.

தாயுமானவர் நிறைவை உணர்ந்தமையால் எதனை வேண்டினார் என்று பராபரக்கண்ணியில் தேடுவார்க்கு, வேண்டுதல்களுள் தலையாயதாக ஒன்று தோன்றும். எவ்வுயிரையும் தம்முயிர் போலக் கருதி இரங்கும் நெஞ்சத்தை அருளுமாறு பராபரத்தை இரக்கின்றார் அவர். வீட்டின்பமும் வேண்டுகின்றார், அது பிற அடியார்க்கும் பொது. இரக்கத்தை வரமாகக் கேட்டல், மலர்பறிக்கக் கூசிய கையின் தொடர்ச்சி. மலரில் ‘நீ’ இருத்தலைக் கண்டவர்க்கு மற்ற உயிரில் ‘நீ’ இருத்தல் காணாது போகாது. 19ஆம் நூற்றாண்டில் இராமலிங்க அடிகள் (1823–1874) இவ்விரக்கத்தையே நெறியாக்கி வடலூரில் நிலைபெறச் செய்தார்.

ஒரு தடையை எழுப்பி அதற்கும் விடைகூறல் கடன். தாயுமானவர் ‘அகிலாண்டநாயகி’ முதலிய பகுதிகளில் தலங்களின் தெய்வங்களையும் பாடினாரே. அது முரணன்றோ எனின், அன்று. நிறைவு எல்லாவிடத்தும் உண்டு என்பார் ஓரிடத்தில் மட்டும் இல்லை என்று கூறுதல் இயலாது. ஆனைக்காவில் நின்று அவர் தாயே என்றழைத்தபோது, அங்கு மட்டும் உள்ளவளை அழைக்கவில்லை. எங்கும் உள்ளவளை அங்கு நின்று அழைத்தார். அழைப்பவன் ஓரிடத்து நிற்றலின்றி அழைத்தல் கூடாது. இடம் இறைவனுக்கு வேண்டியதன்று; அழைப்பானுக்கு வேண்டியது.

இலட்சுமிபுரத்தில் அவர் அடங்கிய இடம் இன்றும் போற்றப்படுகின்றது. தைத் திங்கள் விசாகத்தன்று குருபூசை. பனிமலரைப் பறிக்க மனமின்றித் திரும்பியவரின் அடக்கவிடத்தில் அன்பர்கள் மலர் சாத்தி வழிபடுகின்றனர், பறித்த மலர்களே.